ஒரு சந்தை, இரண்டு டயர் ஆலைகள்: கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் பத்தாண்டுகள் (1967–1977)

1970களின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டு டயர் ஆலைகள் எழுந்தன. ஒன்று தான்சானியாவின் அருஷா நகரில், அந்நாட்டு அரசின் தேசிய வளர்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ஜெனரல் டயர் நிறுவனமும் கூட்டாக அமைத்தது. மற்றொன்று கென்யத் தலைநகர் நைரோபியில், ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமைத்தது. இரு நகரங்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்றும் அப்போது ஒரே பொதுச் சந்தையின் உறுப்பு நாடுகள். அந்தச் சந்தையின் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஓர் ஆலை போதும் என்று கருதித்தான், 1964ஆம் ஆண்டிலேயே டயர் தொழிலைத் தான்சானியாவுக்கு ஒதுக்குவதென மூன்று அரசுகளும் பேசி முடித்திருந்தன. ஆயினும் ஆலைகள் இரண்டாயின. பொதுச் சந்தையின் தலைமையகம் அமைந்திருந்ததும் இதே அருஷாவில்தான் என்பது இக்கதையின் கசப்பான பகுதி.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977இல் ஏன் உடைந்தது என்ற கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை, இடி அமீனுக்கும் ஜூலியஸ் நைரேரேவுக்கும் இடையிலான பகை. அந்த விடை பொய்யன்று, ஆனால் போதாது. அமீன் ஆட்சியைக் கைப்பற்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்வமைப்பில் விரிசல் விழுந்துவிட்டது. மூன்று நாடுகள் தம் சந்தைகளை இணைத்தால் உருவாகும் தொழிற்சாலைகள் எந்த ஊரில் நிற்கும் என்ற கேள்விக்கு அவை ஒருபோதும் விடை காணவில்லை. அதற்கு ஈடாகப் பணத்தைப் பகிர்ந்தன, அலுவலகங்களைப் பகிர்ந்தன, வங்கி அமைத்தன. ஆலையின் இடத்தை மட்டும் பகிர முடியவில்லை. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது, தெற்காசிய வணிக உடன்பாடுகளைப் படிக்கும் நமக்கும் பயன் தரும்.

இரயில் பாதை அமைத்த மையம்

கிழக்கு ஆப்பிரிக்க ஒருங்கிணைப்பு விடுதலைக்குப் பின் தோன்றிய கனவு அன்று. பிரித்தானிய ஆட்சியின் நிர்வாக வசதிக்காக அது முன்பே கட்டப்பட்டிருந்தது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை செல்லும் இரயில் பாதை 1896இல் தொடங்கி 1901இல் ஏரியை எட்டியது. அதனை அமைப்பதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,500 பேர் அங்கேயே மடிந்தனர். இரயில் பாதையில் ஒரு பணிமனை நிலையமாகத் தொடங்கிய நைரோபி, சில ஆண்டுகளிலேயே தலைநகராயிற்று. 1920 வரை அப்பகுதியில் ரூபாயே செலாவணியாக இருந்தது என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அடுத்து அஞ்சல் ஒன்றியம், மேல்முறையீட்டு மன்றம், நாணய வாரியம், சுங்க ஒன்றியம், ஆளுநர் மாநாடு என ஒவ்வொன்றாக வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து கைமாறிய டாங்கனிகாவும் 1920களில் சுங்க ஒன்றியத்திற்குள் சேர்க்கப்பட்டது. 1948இல் கிழக்கு ஆப்பிரிக்க உயர் ஆணையம் தோன்றியது. இரயில், அஞ்சல், வரி வசூல், ஆராய்ச்சி நிலையங்கள் என விரிந்த இப்பொதுச் சேவைகளின் தலைமையிடங்களுள் பெரும்பாலானவை நைரோபியிலேயே அமைந்தன. கென்ய மேட்டுநிலத்தில் குடியேறிய வெள்ளையர்களின் கோதுமைக்கும் பால்பொருள்களுக்கும் மூன்று ஆட்சிப் பகுதிகளின் சந்தையிலும் தீர்வைப் பாதுகாப்புக் கிடைத்தது.

இதனால் நேர்ந்ததை எளிதாக விளக்கலாம். மூன்று நாடுகளின் சந்தையை நோக்கி ஆலை தொடங்க வரும் முதலீட்டாளர், துறைமுகப் பாதையும் வங்கியும் பொறியாளரும் வாங்குவோரும் எங்கே இருக்கின்றனரோ அங்கேயே தொடங்குவார். முதல் ஆலை வந்த இடத்திற்கே இரண்டாவது ஆலையும் வரும். பொருளியலறிஞர் குன்னார் மிர்டால் 1950களில் விளக்கிய திரள்வினை இதுவே: முன்னே நிற்பவர் மேலும் முன்னே செல்வார், பின்தங்கியவரிடமிருந்து முதலும் திறனும் வெளியேறும். உகாண்டாவில் 1954இல் திறக்கப்பட்ட ஓவன் நீர்வீழ்ச்சி அணையைச் சார்ந்து ஜிஞ்சாவில் நெசவாலை எழுந்தது; மாத்வானி, மேத்தா ஆகிய குசராத்தி குடும்பங்களின் சர்க்கரை ஆலைகளும் அங்கே இருந்தன. ஆனால் மூன்று பகுதிகளுக்கும் இடையிலான வணிகத்தில் பாதிக்கு மேற்பட்டது கென்யாவிலிருந்து வெளிச்சென்ற சரக்கே. டாங்கனிகா பெரும்பாலும் வாங்கும் இடத்திலேயே இருந்தது.

சுங்க ஒன்றியத்தின் கணக்கு

1950இல் ஜேக்கப் வைனர் சுங்க ஒன்றியங்களை ஆராய்ந்து இரு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று வணிக உருவாக்கம்: அதிகச் செலவில் உள்நாட்டில் செய்த பொருளை விட்டுவிட்டு, அண்டை நாட்டிலிருந்து மலிவாக வாங்குவது. மற்றொன்று வணிகத் திசைமாற்றம்: உலகச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததை விட்டுவிட்டு, தீர்வையின்றி வருகிறது என்பதற்காக அண்டை நாட்டிடம் கூடுதல் விலைக்கு வாங்குவது. தொழில்வளம் குன்றிய நாடுகளிடையே பின்னதே மிகுதி.

டாங்கனிகாவின் நிலையில் நின்று இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தாருஸ்ஸலாமில் ஒருவர் ஜப்பானியத் துணி வாங்கினால், அரசுக்குச் சுங்கத் தீர்வை கிடைக்கும். அவரே கென்யத் துணி வாங்கினால் அந்தத் தீர்வை இல்லை. விலையோ ஏறத்தாழ அதே அளவு. அதாவது, டாங்கனிகக் கருவூலம் இழந்த தொகை நைரோபி ஆலையின் ஆதரவுத் தொகையாக மாறுகிறது. ஆலையின் கூலி அங்கே, இலாபத்தின் மீதான வருமான வரி அங்கே, தொழிலாளர் பெறும் திறனும் அங்கே. இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள ஒரே நியாயம்தான் உண்டு: நாளை இத்தகைய ஓர் ஆலை நம் மண்ணிலும் எழும், அதன் பொருளை அண்டை நாட்டவர் இதே போல் வாங்குவர் என்ற நம்பிக்கை.

ரெய்ஸ்மனின் சம பங்கு

இந்த முறையீட்டை ஆராய 1960இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சர் ஜெரமி ரெய்ஸ்மன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதி உறுப்பினராக இருந்தவர். பின்னர் பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் மாகாணங்களுக்கிடையே வருவாய்ப் பங்கீட்டை வகுத்துக் கொடுத்த அனுபவமும் அவருக்கு இருந்தது.

1961இல் வெளிவந்த அவரது குழுவின் அறிக்கை, பங்கீட்டு நிதியம் ஒன்றைப் பரிந்துரைத்தது. உற்பத்தி, நிதித் துறை நிறுவனங்களின் இலாபத்தின் மீதான வருமான வரியில் 40 விழுக்காடும், சுங்க, கலால் வருவாயில் 6 விழுக்காடும் அதில் சேரும். அதில் பாதி பொதுச் சேவைகளின் செலவுக்கு. மறுபாதி மூன்று நாடுகளுக்கும் சம பங்காக. கென்யாவிலிருந்து சேரும் தொகை மிகுதி, எல்லோரும் பெறும் பங்கு ஒன்று என்பதால், செல்வமிகு நாட்டிலிருந்து மற்ற இரண்டிற்கும் கொஞ்சம் பணம் நகர்ந்தது.

நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் இது கருவூலங்களுக்கிடையே கணக்கை நேர்செய்தது. ஆலைகளின் இருப்பிடத்தைத் தொடவே இல்லை. வருவாய் இழப்பை ஈடுசெய்யலாம். ஓர் ஆலையைச் சுற்றி முப்பது ஆண்டுகளில் உருவாகும் பட்டறைகளையும் பயிற்சியையும் துணைத் தொழில்களையும் காசோலையால் ஈடுசெய்ய இயலாது. விடுதலைக்குக் காத்திருந்த ஒரு நாடு உதவித்தொகை பெறுபவராகத் தன்னைக் கருத விரும்பவுமில்லை.

கம்பாலாவில் பிரித்த தொழில்கள்

1961க்கும் 1963க்கும் இடையில் மூன்று நாடுகளும் விடுதலை பெற்றன. கூட்டாட்சி அமையுமானால் டாங்கனிகாவின் விடுதலையையே தள்ளிப்போடத் தாம் அணியம் என்று 1960இல் சொன்னவர் நைரேரே. 1963 ஜூனில் கென்யாட்டா, ஒபோட்டே, நைரேரே மூவரும் கூட்டாட்சி அமைக்கப்போவதாக அறிவித்தனர். அக்கனவு சில மாதங்களிலேயே மங்கியது. அதன்பின் எஞ்சியது, தொழில்களையேனும் பிரித்துக்கொள்வோம் என்ற முயற்சி.

1964 ஏப்ரலில் கம்பாலாவில் உடன்பாடு உருவானது. டாங்கனிகாவுக்கு டயர் தொழில், லேண்ட் ரோவர் வண்டிகளைப் பூட்டும் தொழில், வானொலிப் பெட்டி, அலுமினியத் தகடு. உகாண்டாவுக்கு மிதிவண்டி, நைட்ரஜன் உரம். கென்யாவுக்கு மின்விளக்குக் குமிழ். பற்றாக்குறை நாடுகள் கென்யச் சரக்குக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்கவும் இடமளிக்கப்பட்டது. எந்தத் தொழில் எந்த நாட்டுக்கு என்று நேராகக் கேட்டு நேராக விடை சொன்ன ஆவணம், இம்முழு வரலாற்றில் இது ஒன்றே.

கென்யா இதற்கு ஏற்புறுதி வழங்கவில்லை. கென்யாவின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். நிலமற்றோரும் வேலையற்றோரும் நிறைந்த புதிய நாடு தன்னிடம் வர விரும்பும் ஆலையை அண்டை நாட்டுக்கு அனுப்பிவைப்பது எளிதன்று. மேலும் ஆலைகளை நிறுவ இருந்தவை வெளிநாட்டு நிறுவனங்கள். நைரோபியில் முடியாதெனில் அவை அருஷாவுக்கோ டொரோரோவுக்கோதான் செல்லும் என்பதற்கு உறுதியில்லை, வராமலே போய்விடலாம். தான்சானியாவோ காத்திருக்கும் மனநிலையில் இல்லை. 1965இல் கென்யச் சரக்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அவ்வாண்டு ஜூனில் பொது நாணயத்திலிருந்து விலகித் தனி மத்திய வங்கி அமைக்கப்போவதாக அறிவித்தது. நீங்கள் முறித்ததால் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று இரு தரப்பும் சொல்லும் நிலை வந்தது.

1967: அறிவார்ந்த ஒப்பந்தம், தவறான கருவி

டென்மார்க்கின் பொருளியலறிஞரும் முன்னாள் நிதியமைச்சருமான கெல்ட் ஃபிலிப் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1967 ஜூன் 6 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் பிறந்தது. வளரும் நாடுகளின் ஒருங்கிணைப்புக்கு முன்மாதிரி என்று அக்காலத்தில் அது போற்றப்பட்டது.

தலைமையகம் அருஷாவுக்குச் சென்றது. இரயில்வேயும் விமான நிறுவனமும் நைரோபியில் இருக்க, துறைமுகக் கழகம் தாருஸ்ஸலாமுக்கும் அஞ்சல் தொலைத்தொடர்புக் கழகம் கம்பாலாவுக்கும் தரப்பட்டன. கம்பாலாவில் கிழக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி தொடங்கப்பட்டது. அதன் முதலில் மூவரும் சம பங்கு இடுவர். ஆனால் வங்கியின் முதலீட்டில் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் தலா 38.75 விழுக்காடு, கென்யாவுக்கு 22.5 விழுக்காடு. சமம் என்பதும் நியாயம் என்பதும் வேறு வேறு என்று இந்த எண்கள் ஒப்புக்கொள்கின்றன. பழந்தமிழில் ஒப்புரவு என்ற சொல் சுட்டும் பொருளுக்கு இது நெருங்கியது: எல்லோருக்கும் ஒரே அளவு அன்று, அவரவர் நிலையறிந்து அளிப்பது.

ஆனால் வங்கியின் கையிருப்பு சிறிது. கென்யாவுக்கு வந்த தனியார் முதலீட்டின் போக்கைத் திருப்பும் வலிமை அதற்கில்லை. எனவே உண்மையான சுமை மற்றொரு கருவியின் மீது விழுந்தது: பரிமாற்ற வரி. உற்பத்திப் பொருள் வணிகத்தில் பற்றாக்குறையுள்ள நாடு, தான் உற்பத்தி செய்யும் அல்லது விரைவில் செய்யவிருக்கும் பொருள் அண்டை நாட்டிலிருந்து வந்தால், வெளித் தீர்வையின் பாதி அளவுவரை அதன்மீது வரி விதிக்கலாம். ஒரு வரியின் ஆயுள் எட்டாண்டுகளுக்கு மேற்படாது.

நோக்கம் பலவீனரைக் காப்பது. விளைவு வேறானது. வரி விதிக்கும் உரிமை பெற வேண்டுமானால், அண்டை நாட்டில் ஏற்கெனவே செய்யப்படும் அதே பொருளை நீங்களும் செய்ய வேண்டும். புதிய தொழிலைத் தேடுவதைவிட இருக்கும் தொழிலை நகலெடுப்பதற்கே இக்கருவி ஊக்கமளித்தது. கம்பாலா உடன்பாடு ஒரு நாட்டுக்கு ஒரு தொழில் என்று சொன்னது. பரிமாற்ற வரியோ எல்லா நாட்டிலும் எல்லாத் தொழிலும் என்ற திசையில் தள்ளியது. சிறிய சந்தையால் தாங்க முடியாத தொழில்களுக்குப் பெரிய சந்தை தருவதே ஒருங்கிணைப்பின் பயன். அந்தப் பெரிய சந்தைக்குள்ளேயே சிறிய சந்தைகள் மீண்டும் வேலியிடப்பட்டன. இதில் இலாபம் கண்டவர்கள் வெளிநாட்டு நிறுவனங்களே. ஒன்று இடம் தராவிட்டால் மற்றொன்று தரும் என்பதால், சலுகைகளை ஏலமிட்டுப் பெற அவற்றால் இயன்றது. இரண்டு டயர் ஆலைகளும் இந்தச் சூழலில்தான் எழுந்தன.

இன்னொரு பிளவும் உடன் வளர்ந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1967 பிப்ரவரியில், தான்சானியா அருஷா பிரகடனத்தின் வழியே சோசலிசப் பாதையை ஏற்றிருந்தது. அங்கே தொழில் தொடங்குவது அரசு, கென்யாவில் தனியார். ஒருவர் திட்டமிட்டு ஒதுக்க விரும்புகிறார், மற்றவர் சந்தையிடம் விட விரும்புகிறார். ஒரே தொழில் திட்டத்தில் இருவரும் எவ்வாறு கையெழுத்திடுவர்?

முறிவு

1971 ஜனவரி 25 அன்று அமீன் ஒபோட்டேயைக் கவிழ்த்தார். நைரேரே அவருடன் ஒரே மேசையில் அமர மறுத்தார். மூன்று குடியரசுத் தலைவர்களைக் கொண்ட உச்ச அதிகார அவை அதன்பின் கூடவே இல்லை. 1972இல் ஆசியர்கள் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அந்நாட்டின் ஆலைகளும் வணிக வலைப்பின்னலும் குலைந்தன. உகாண்டா விட்ட சந்தையைக் கென்யச் சரக்கே நிரப்பியது. ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகியது. பொதுக் கழகங்களின் கிளைகள் தலைமையகத்திற்குப் பணம் அனுப்புவதை நிறுத்தின. சீன உதவியுடன் 1970களின் நடுவில் முடிந்த டசாரா இரயில் பாதை, தான்சானியாவின் பார்வையை வடக்கிலிருந்து தெற்கே, ஜாம்பியாவை நோக்கித் திருப்பியது.

1977இன் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்க விமான நிறுவனம் முடங்கியது. கென்யா தனி நிறுவனம் தொடங்கியது. பிப்ரவரியில் தான்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. அவ்வாண்டின் நடுவில் சமூகத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை ஏற்க எவரும் இல்லை, அமைப்பு முடிவுற்றது. எல்லை 1983 நவம்பர் வரை மூடியே கிடந்தது. சுவிட்சர்லாந்தின் விக்டர் உம்ப்ரிக்ட் நடுவராக இருந்து உழைத்ததன் பயனாக 1984 மே மாதத்தில் சொத்துகள் பிரிக்கப்பட்டன: கென்யாவுக்கு 42, தான்சானியாவுக்கு 32, உகாண்டாவுக்கு 26 விழுக்காடு. கூடி வாழ்ந்தபோது எட்டமுடியாத கணக்குத் தீர்வை, பிரிந்த பின் ஏழாண்டுகளில் எட்டினார்கள்.

அதன் பிறகு

1999 நவம்பரில் மூன்று நாடுகளும் மீண்டும் அருஷாவில் கூடிப் புதிய ஒப்பந்தம் செய்தன. அதன் முகவுரை, பழைய சமூகம் வீழ்ந்ததற்கான காரணங்களை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. அரசியல் உறுதியின்மை, தனியார் துறையும் குடிமைச் சமூகமும் பங்குபெறாமை ஆகியவற்றோடு, வளர்ச்சி நிலை வேறுபாட்டால் நன்மைகள் ஏற்றத்தாழ்வாகப் பகிரப்பட்டதும் அதில் இடம்பெறுகிறது. அதனால் 2005இல் சுங்க ஒன்றியம் தொடங்கியபோது, உகாண்ட, தான்சானியச் சரக்குகள் உடனே தீர்வையின்றிக் கென்யாவுக்குள் சென்றன; கென்யச் சரக்குகளுள் குறிப்பிட்ட சிலவற்றின் மீதான தீர்வையோ ஐந்தாண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பாடம் ஓரளவு கற்கப்பட்டது.

டயர் ஆலைகள் அதுவரை காத்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அருஷா ஆலை இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உற்பத்தியை நிறுத்தியது; உரிமையாளர் மாறிய நைரோபி ஆலை 2016இல் நிறுத்தியது. ஒரே ஆலையாக, மூன்று நாடுகளின் முழுச் சந்தையோடு வளர்ந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று உறுதியாகக் கூற முடியாது. இரண்டாகப் பிரிந்து நின்றதால் இரண்டும் மெலிந்தன என்று கூறலாம்.

தெற்காசியாவுக்கு வருவோம். 2004இல் கையெழுத்தான தெற்காசியத் தடையிலா வணிக உடன்பாடு, வளர்ச்சி குன்றிய உறுப்பு நாடுகளின் சுங்க வருவாய் இழப்பைச் சில ஆண்டுகளுக்கு ஈடுசெய்ய வழி வகுத்தது. ரெய்ஸ்மனின் நிதியத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று: கருவூலத்தின் இழப்பு கணக்கில் வருகிறது, ஆலையின் இருப்பிடம் வருவதில்லை. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை உடன்பாடு இலங்கைக்கு நீண்ட கால அவகாசம் தந்தது. அது நல்ல கூறு. ஆனால் அதன் நிழலில் இலங்கையில் பெருகிய வனஸ்பதி, செம்பு ஆலைகள் இரு நாட்டுத் தீர்வை வேறுபாட்டை நம்பி நின்றவை. இந்தியா தன் விதிகளை மாற்றியதும் அவை அடங்கிப்போயின. தீர்வைச் சலுகை ஓர் ஆலையைக் கொண்டுவரலாம். அதனை வேரூன்றச் செய்ய வேறு ஏற்பாடுகள் வேண்டும். அவற்றைப் பற்றிப் பேசும் மேசை எதுவும் நம் பகுதியில் இல்லை. இப்பகுதியில் கென்யாவின் இடத்தில் இருப்பது இந்தியா என்பதால், அந்த மேசையை அமைக்கும் பொறுப்பும் முதலில் இந்தியாவையே சாரும்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு குறிப்புடன் முடிக்கிறேன். சுவாகிலியில் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் பெயர் ‘ஜுமுயியா யா ஆப்ரிக்கா மஷாரிகி’. ‘ஜுமுயியா’ என்ற சொல்லும், நைரேரேயின் சோசலிசத்துக்குப் பெயரான ‘உஜமா’வும், ஒன்றுசேர்தலைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. அதே வேர் நம்மிடம் ‘ஜமாத்’ ஆகவும், வருவாய்த் துறையின் ‘ஜமாபந்தி’ ஆகவும் வழங்குகிறது. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் வெளிப்படையாகச் சரிபார்த்து, குறை கேட்டு முடிக்கும் நிகழ்வே ஜமாபந்தி. யார் என்ன பெற்றார், யார் எதை இழந்தார், எந்த ஆலை எங்கே எழுந்தது என்று ஆண்டுக்கொரு முறை மூவரும் கூடிக் கணக்குப் பார்க்கும் வழக்கம் 1967இன் ஒப்பந்தத்தோடு வேரூன்றியிருந்தால், தலைவர்களின் பகையை அது தாங்கியிருக்குமா? விவாதிக்க விரும்புகிறேன், ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க ஒருங்கிணைப்புகளை ஆய்வு செய்யும் நண்பர்கள் தம் கருத்தை எழுதினால் மகிழ்வேன்.